கொரோலா 110: வீட்டில வச்சே கிளச் மாத்த என்னென்ன சாமான் வேணும்?

களுவாஞ்சி_வளவு

டொயோட்டா கொரோலா 110, 5ஏ எஞ்சின், ஐஞ்சு கியர் மெனுவல். கிளச் வழுக்குது. நாலாம் கியர்ல 50இல போகக்குள்ள ஆக்சிலேட்டரை அடிமட்டும் மிதிச்சா எஞ்சின் சுத்து ஏறுது, வேகம் ஏறுதில்ல. ஊருக்குள்ள ஓடக்குள்ள ஒண்டும் தெரியாது. ஆள், சாமான் ஏத்திக்கொண்டு பதுளை ரோட்டால ஏறினா எரிஞ்ச மணம் வருது. பெடல் ப்ளே (மிதிக்கத் தொடங்கக்குள்ள சும்மா போற தூரம்) சரியா இருக்கு, கிளச் ஒயில் குறையல்ல, பெல் ஹவுசிங் (கிளச்சை மூடியிருக்கிற கியர்பொக்ஸ் பகுதி) அடியில ஒயில் கசிவும் இல்ல. கிளச் பிளேட் தேஞ்சு முடிஞ்சிட்டு எண்டுதான் நினைக்கிறன்.

கையில இருக்கிறது: 8 தொடக்கம் 24 மில்லிமீற்றர் வரை றிங் சாவி செட், அரை இஞ்சி சொக்கெட் செட், நீட்டுக் கைபிடி ஒண்டு, காரோட வந்த ஜாக். இடம் மணல் வளவு. போட்டிக்கோ மட்டும் சீமெந்து, கார் முழுசா நிக்காது. துணைக்கு ஒரு ஆள் இருப்பார்.

எதைக் காசு குடுத்து வாங்க வேணும், எதை இரவல் எடுக்கலாம், எதை வெல்டிங் கடையில செய்விக்கலாம்? ஹப் நட்டுக்கு 30 சொக்கெட் கட்டாயமா?

ஊறணி_ஃபிட்டர்

தம்பி, சாவியும் சொக்கெட்டும் கிட்டத்தட்டக் காணும். உங்களிட்ட இல்லாதது பாரம் தாங்குற சாமான். இந்த வேலையில காரை, எஞ்சினை, கியர்பொக்ஸை, மூண்டையும் தனித்தனியாத் தாங்கிப் பிடிக்க வேணும். காசை அதுக்குப் போடுங்க. மிச்சத்தை அக்கம்பக்கத்தில கேட்டு வாங்கலாம்.

முதல்ல கார். காரோட வந்த ஜாக் டயர் மாத்த மட்டும். 2 தொன் ட்ரொலி ஜாக் ஒண்டு, 3 தொன் ஸ்டாண்ட் ஒரு சோடி வேணும். ஸ்டாண்ட் வாங்கக்குள்ள உயரத்தைப் பாருங்க, 40 சென்ரிமீற்றருக்கு மேல ஏற வேணும். கியர்பொக்ஸைக் கழட்டிக் கீழ இறக்கின மறுகா அதை பம்பருக்கு அடியால இழுத்து எடுக்க நிலத்தில இருந்து 45 சென்ரிமீற்றர் அளவு இடைவெளி தேவை. குட்டை ஸ்டாண்டில ஏத்தினா கழண்ட கியர்பொக்ஸ் காருக்கு அடியிலயே கிடக்கும். எஞ்சின் பாதி தொங்குற நிலையில காரைத் திரும்பத் தூக்க வேண்டி வரும்.

மூக்கை போட்டிக்கோவுக்குள்ள விடுங்க. பின் டயர் மணல்ல நிண்டாலும் பரவாயில்ல, ரெண்டு பக்கமும் கட்டை அணை குடுங்க. முன்பக்கம் கட்டாயம் சீமெந்தில இருக்க வேணும். காரணம் ஸ்டாண்ட் புதையிறது மட்டுமில்ல. ட்ரொலி ஜாக்கின்ட கை வளைஞ்சு வளைஞ்சுதான் மேல ஏறும், அதுக்கேத்த மாதிரி ஜாக்கின்ட சில்லு உருள வேணும். மணல்ல உருளாது. அப்ப ஜாக் சரிஞ்சு காரைப் பக்கவாட்டுல தள்ளும், இல்லாட்டித் தலை வழுக்கி வெளிய வரும். சீமெந்துல இடமே இல்லையெண்டா ஜாக்குக்குக் கீழ தடிச்ச ப்ளைவுட் விரிச்சு, ஸ்டாண்ட் ஒவ்வொண்டுக்கும் கீழ 2 இஞ்சிப் பலகை, ஒரு அடிச் சதுரத்துக்குக் குறையாம வையுங்க.

நம்மட பக்கத்தில எல்லா வளவுக்குள்ளயும் புளொக் கல் அடுக்கிக் கிடக்கும், கை தன்னால அதுக்குத்தான் போகும். வைக்காதீங்க. சுவருக்குள்ள பாரம் பரந்து வந்தாத்தான் அது தாங்கும். ஒரு முனையில குத்தினா முன்னறிவிப்பு இல்லாம நொறுங்கும், உள்ளுக்குள்ள ஓட்டையான புளொக் இன்னும் மோசம். தென்னங்குத்தியும் நீளவாட்டுல பிளந்து போகும். கழட்டின ரெண்டு சில்லையும் கதவுக்குக் கீழ இருக்கிற பொடி ஓரத்துக்கு அடியில படுக்க வச்சிருங்க, ஸ்டாண்ட் கைவிட்டாலும் ஆள் தப்பும். அடியில போக முதல் காரை ரெண்டு கையாலயும் உலுக்கிப் பாக்க வேணும். இப்ப அசையாட்டித்தான் 17 மில்லிமீற்றர் போல்ட்டுக்குக் குழாய் போட்டு இழுக்கக்குள்ளயும் அசையாது.

அடுத்தது எஞ்சின். 110இல கியர்பொக்ஸ் எடுக்க நடு மெம்பர் கழர வேணும், முன் பின் மவுண்டிங் கழர வேணும், இடது மவுண்டிங்கும் கழர வேணும். பிறகு எஞ்சினைப் பிடிச்சிருக்கிறது வலது மவுண்டிங் மட்டும். தாங்கல் இல்லாட்டி அந்த றப்பர் கிழியும், சைலன்சர் முன்குழாய், வயர், ஹோஸ் எல்லாம் இழுபடும். மேலால குறுக்குச் சட்டம் போட்டுத் தூக்கிப் பிடிக்கிறதுதான் நல்லம். 2 இஞ்சி ஜீஐ குழாய், தடிச்ச சுவர், ஐஞ்சடி நீளம். பொனட் ஓரத்துக் கானுக்குள்ள ரெண்டு பக்கமும் மரக்கட்டை வச்சு அதுக்கு மேல குழாயை வையுங்க. மட்கார்ட் தகட்டுல பாரம் நிக்கக் கூடாது. எஞ்சின்ல கியர்பொக்ஸ் பக்கம் தூக்குற கொக்கி இருக்கு. அதுல சங்கிலி, நடுவுல இறுக்கித் தளர்த்தக்கூடிய மறைக் கொக்கி. இந்த மறைதான் முக்கியம். கியர்பொக்ஸ் வெளிய வர எஞ்சின்ட இடது பக்கத்தை 5, 8 சென்ரிமீற்றர் இறக்க வேணும், திரும்பப் பூட்டக்குள்ள மில்லிமீற்றர் கணக்கில ஏத்தி இறக்க வேணும். வெறும் கயிறு கட்டினா அது நடக்காது. வெல்டிங் கடையில அரைநாள் வேலை.

சம்புக்கு (எஞ்சின் ஒயில் நிக்கிற அடித் தட்டு) அடியில ஜாக் குடுத்துச் சமாளிக்கிற ஆக்களும் இருக்கினம். சம்பு வெறும் தகடு. ஒயில் உறிஞ்சுற சல்லடை அதின்ட அடியோட ஒட்டித்தான் இருக்கும். தகடு உள்ள போனா ஒயில் ஓட்டம் குறைஞ்சு எஞ்சினே போகும். வேற வழியில்லையெண்டா சம்பின்ட அகலத்துக்கு ஒரு பலகை வச்சுத் தாங்குங்க.

கியர்பொக்ஸ் தாங்கிறதைப் பற்றி மற்ற ஆக்களும் சொல்லட்டும்.

சம்மாந்துறை_பாஸ்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

30 சொக்கெட் தேவைல்ல தம்பி. ஹப் நட்டைத் தொடவே வேணாம். 110இல கீழ் போல் ஜொயின்ட் லோவர் ஆர்மோட ஒரு போல்ட்டுலயும் ரெண்டு நட்டுலயும் பூட்டி இரிக்கி, எல்லாம் 17. அதைக் கழட்டினா போல் ஜொயின்ட் இழுக்கிற புல்லரும் வேணாம். நக்கிளை (சில்லு பூட்டுற ஹப்பைத் தாங்குற துண்டு) வெளிப்பக்கம் இழுத்து, ட்ரைவ் ஷாப்ட்டின்ட (கியர்பொக்ஸ்ல இருந்து சில்லைச் சுத்துற தண்டு) உள்முனையை கியர்பொக்ஸ்ல இருந்து நெம்பி எடுங்க. நெம்புறதுக்கு அலவாங்கு எடுத்துக்கிட்டு வந்திராதீங்க. அது கனம் கூட, அலுமினிய உடம்பு வெடிச்சிரும், ஒயில் சீலும் கிழியும். ரெண்டடி நீள நெம்புகோல், மூக்குத் தட்டையா வளைஞ்சது, அது காணும். வெளிய வந்த ஷாப்ட்டைத் தொங்க விடாம ஸ்பிரிங்கோட கம்பியால கட்டுங்க. தொங்கினா உள் ஜொயின்ட் கழண்டு பூட் கிழியும்.

ஷாப்ட் எடுக்க முதல் கியர் ஒயில் வடிக்கோணும். அதுலயும் முதல்ல ஊத்துற பிளக்கைத் திறங்க, மறுகா வடிக்கிற பிளக். ரெண்டும் 24. ஊத்துறது துருப்பிடிச்சு திறக்காட்டி, வடிச்சு முடிச்ச பிறகு அதைக் கண்டுபிடிக்கிறதுல பிரயோசனமில்ல.

உங்கட சொக்கெட் செட்டுல 10, 12, 14, 17, 19, 21 இரிக்கோணும். அதுல 14உம் 17உம் ஆறுமூலை சொக்கெட்டா இரிக்கட்டும். பன்னிரண்டு மூலை சொக்கெட் கடற்கரைக் காருக்கு ஒத்துவராது. காத்தான்குடி, கல்முனை, பாண்டிருப்பு எண்டு கரையோரம் நிக்கிற காருல அடிப்பக்க நட் எல்லாம் தலை கரைஞ்சு அரை மில்லிமீற்றர் சிறுத்து இரிக்கும். பன்னிரண்டு மூலை போட்டா வட்டமாக்கி விட்டுரும். முதல் நாள் பின்நேரமே கம்பிப் புருசால மறையைத் தேய்ச்சு டபிள்யூ.டி. 40 அடிச்சு விடுங்க, வெள்ளாப்புல இன்னொருக்கா அடிங்க. அது இல்லாட்டி ஓட்டோ கியர் ஒயிலும் தின்னரும் பாதிக்குப் பாதி கலந்து விட்டா நல்லா இறங்கும். தின்னர் நெருப்புச் சாமான், பக்கத்துல வெல்டிங், சிகரெட் எதுவும் வேணாம்.

ஆகக் கூட முறியிறது சைலன்சர் முன்குழாய் நட். சூடும் உப்பும் சேந்து பிடிச்சிரிக்கும். நட்டும் ஸ்ரட்டும் புதுசா முன்கூட்டியே வாங்கி வைங்க.

நீட்டுத் தண்டு 6 இஞ்சி ஒண்டு, 10 அல்லது 12 இஞ்சி ரெண்டு, யுனிவர்சல் ஜொயின்ட் ஒண்டு. கியர்பொக்ஸின்ட மேல் போல்ட்டுக்கு கீழால கை போகாது. எயார் கிளீனரையும் பற்றரியையும் கழட்டினாத்தான் மேலால தண்டைச் சேத்துப் போட்டு எட்டலாம். பற்றரி எப்படியும் முதல்ல கழரோணும், ஸ்டார்ட்டர் கேபிள்ல எப்பவும் கரண்ட் நிக்கும். ஸ்டார்ட்டரின்ட ரெண்டு போல்ட்டும் 14.

கியர் கேபிள் ரெண்டுலயும் சின்னக் கிளிப்பும் வொஷரும் இரிக்கி. மூக்குக் குறட்டால எடுங்க, மணல்ல விழுந்தா கதை முடிஞ்சிது. அடியில ஒரு தறப்பாளை விரிச்சிட்டுத்தான் வேலையைத் தொடங்கணும்.

கிளச் சிலிண்டரை ஒயில் குழாயோட சேத்து அப்படியே கழட்டி ஓரமாக் கட்டலாம், 12 மில்லிமீற்றர் போல்ட் ரெண்டுதான். குழாயைத் திறக்காட்டி காத்து எடுக்கிற வேலை மிச்சம். ஆனா அது வெளிய இரிக்கக்குள்ள ஆரும் பெடலை மிதிக்கப்படாது, பிஸ்டன் வெளிய பாய்ஞ்சிரும். ஸ்டியரிங்ல ஒரு துண்டு எழுதிக் கட்டி விடுங்க.

ஒரு கார்ட்போட் மட்டையில கியர்பொக்ஸ் வடிவத்தைக் கீறி, போல்ட்டுக் கழர்ற இடத்துலயே ஓட்டை போட்டுக் குத்தி வைங்க. போல்ட் எல்லாம் ஒரே நீளமில்ல. நீளமானதைக் குட்டை ஓட்டையில விட்டா அடி முட்டி இறுகின மாதிரிக் காட்டும், உடம்பு இறுகியிராது. குட்டையை நீள ஓட்டையில விட்டா ரெண்டு மறை மட்டும் பிடிச்சு அலுமினியம் உரிஞ்சு வரும்.

ஆரையம்பதி_வீதி

கியர்பொக்ஸ் ஜாக் எல்லாம் வீண் செலவு. கொரோலா கியர்பொக்ஸ் 35 கிலோ அளவுதான். ஒரு ஆள் படுத்து நெஞ்சுல வாங்க, மற்ற ஆள் மேலால கயிறு பிடிச்சா இறங்கிரும். திரும்ப ஏத்துறதும் அப்படித்தான்.

ஊறணி_ஃபிட்டர்

இறக்கிறதுக்கு அது சரி வந்தாலும் வரும். ஏத்துறதுலதான் பிழைக்கிறது.

ஏத்தக்குள்ள கியர்பொக்ஸின்ட ஷாப்ட் பிளேட்டின்ட பல்லுக்குள்ள போய், இன்னும் ரெண்டு இஞ்சி தள்ள இருக்கிற நேரம் ஒண்டு வரும். கை களைச்சு, "கொஞ்சம் பொறு, மூச்சு விடுவம்" எண்டு விடுற இடம் அதுதான். அப்ப 35 கிலோவும் ஷாப்ட்டால பிளேட்டின்ட நடு ஹப்புல தொங்குது. ஹப்பைப் பிடிச்சிருக்கிறது மெல்லிய தகடும் றிவெட்டும். தகடு நெளிஞ்சா கண்ணுக்குத் தெரியாது. டொயோட்டா பிளேட்டுக்கு விடுற நெளிவு 0.8 மில்லிமீற்றர் மட்டும். அதைத் தாண்டினா பெடலை மிதிச்சாலும் பிளேட் முழுசா விடாது, ரிவர்ஸ் போடக்குள்ள பல்லுக் கறகற எண்டும். புதுக் கிளச் போட்ட உடன கியர் விழுதில்ல எண்டு வாற முறைப்பாட்டுல கொஞ்சம் இப்படி வாறது.

ட்ரொலி ஜாக்கையே கியர்பொக்ஸ் ஜாக் ஆக்கலாம். ஜாக்கின்ட தலையில இருக்கிற வட்டத் தட்டு பெரும்பாலும் கழரும். அந்த ஓட்டைக்குள்ள இறங்கிற தண்டு ஒண்டு, அதுக்கு மேல 6 மில்லிமீற்றர் தகடு ஓரடிக்கு ஓரடி, நாலு மூலையிலயும் வளையம். தகட்டில கியர்பொக்ஸ் உக்காருற மாதிரி மரத் துண்டு ரெண்டு வச்சு, சில்லுப் பூட்டுற பட்டியால இறுக்கிக் கட்டுங்க. கட்டாம ஏத்தக் கூடாது. கியர்பொக்ஸின்ட பாரம் டிஃபரன்சியல் பக்கம் கூட, சாஞ்சு உருளும். ஏத்தக்குள்ள எஞ்சின் பிளாக்குக்கும் கியர்பொக்ஸ் முகத்துக்கும் இடைவெளி சுத்திவர ஒரே அளவா இருக்க வேணும். மேல கூட, கீழ குறைய எண்டு இருந்தா எஞ்சின் சங்கிலியின்ட மறையைத் திருப்பிச் சரிப்படுத்துங்க. இடைவெளி கிடக்கக்குள்ள போல்ட் போட்டு இழுத்துப் பிடிக்கிறது கைப்பழக்கமா வந்துட்டு, கியர்பொக்ஸ் காது உடையிறது அதாலதான். முகம் ரெண்டும் கையாலயே முட்ட வேணும், போல்ட் அதுக்குப் பிறகு. முட்டாட்டி ஒண்டில் பிளேட் நடுவுல இல்ல, இல்லாட்டிப் பல்லுக்குப் பல்லு பொருந்தல்ல. கியர் ஒண்டைப் போட்டுட்டு, ட்ரைவ் ஷாப்ட் நுழையிற ஓட்டையால கம்பி விட்டு டிஃபரன்சியலைக் கொஞ்சம் சுத்தினா உள்ஷாப்ட் திரும்பும், பல்லு விழுந்திரும்.

கல்முனை_பார்ட்ஸ்

டூல்ஸ் பற்றிச் சொல்லிட்டினம். திறந்த நேரத்துல கையில இருக்க வேண்டிய பார்ட்ஸும் டூல்ஸ் மாதிரித்தான், இல்லாட்டிக் கார் ஸ்டாண்டில கிடக்கும்.

பிளேட், கவர் (பிளேட்டை அமத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் மூடி), ரிலீஸ் பெயாரிங் (பெடல் மிதிக்கக்குள்ள கவரின்ட ஸ்பிரிங்கைத் தள்ளுறது) மூண்டும் சேந்த கிட். சேசிஸ் நம்பரைக் குடுத்து எடுங்க. ஒரே மொடலுக்கு வெவ்வேறு விட்டத்துல பிளேட் வந்திருக்கு, கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து பஸ்ஸில எடுத்துப் போட்டுப் பொருந்தாட்டி ரெண்டு நாள் போகும். பூட்ட முதல் பழைய பிளேட்டைப் புதுசுக்கு மேல வச்சு விட்டம், பல்லு எண்ணிக்கை, ஹப்பின்ட உயரம் மூண்டையும் ஒப்பிட வேணும். பல்லு எண்ணிக்கை சரி எண்டாப் போல காணாது, கியர்பொக்ஸ் ஷாப்ட்டுல கொழுவி முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்க, தடை இல்லாம ஓட வேணும்.

இன்னும் வேணுமானது: ட்ரைவ் ஷாப்ட் ஒயில் சீல் ரெண்டு, ஷாப்ட் உள்முனை ஸ்னாப் றிங் ரெண்டு, கிராங்கின்ட பின்பக்க ஒயில் சீல் ஒண்டு, வடிக்கிற பிளக்கின்ட வொஷர். சைலன்சர் கேஸ்கெட். கியர் ஒயில் 75டபிள்யூ 90, ஜீஎல் 4 எண்டு போட்டது. இந்த கியர்பொக்ஸ் 1.9 லீற்றர் எடுக்கும், ரெண்டு லீற்றர் வாங்கினாச் சரி. கிராங்க் சீல் இப்ப கசியாட்டியும் வயசு போன எஞ்சின்ல றப்பர் இறுகிப் போயிருக்கும். அதுக்கு பிளைவீல் (கிராங்க் முனையில பூட்டின, கிளச் பிடிக்கிற பாரச் சில்லு) கழட்ட வேணும். பழசைத் தோண்டக்குள்ள கிராங்க் முகத்துல கீறல் போடாதீங்க, புதுச் சீலும் ஒழுகும்.

பிளைவீலைப் பாருங்க. நீலப் புள்ளி, தலைமயிர் வெடிப்பு, நகத்துக்குத் தட்டுப்படுற வரி இருந்தா லேத்துக்கு அனுப்புங்க. முகத்தின்ட ஓட்டம் (சுத்தக்குள்ள உள்ள வெளிய ஆடுற அளவு) 0.1 மில்லிமீற்றருக்கு மேல போகப்படாது. ஒண்டும் இல்லாட்டி 120 உப்புத்தாளால குறுக்கு மறுக்காத் தேய்ச்சு மினுக்கத்தைப் போக்கினாக் காணும். பிளைவீலும் புதுக் கவரும் பிறேக் கிளீனராலயோ தின்னராலயோ துடைக்க வேணும், புதுக் கவர்ல துரு பிடிக்காம இருக்க ஒயில் பூசித்தான் வரும். துடைக்காம பூட்டினா முதல் நாளே நடுங்கும்.

பெயாரிங்கை மண்ணெண்ணெயில கழுவுற பழக்கம் ஒண்டு இருக்கு. ரிலீஸ் பெயாரிங்குக்கு அது செய்யாதீங்க. அது மூடின பெயாரிங், உள்ள இருக்கிற கிரீஸ் கரைஞ்சு போனா பெடல் மிதிக்கக்குள்ள கீச்சிடும்.

பெல் ஹவுசிங்குக்குள்ள இருக்கிற கறுப்புத் தூளை கொம்பிரசரால ஊதாதீங்க. பழைய லைனிங்ல அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம். ஈரச் சீலையால துடைச்சு, அந்தச் சீலையைப் பையில கட்டி எறியுங்க. மூக்குக்கு மாஸ்க்.

களுவாஞ்சி_வளவு

எல்லாருக்கும் நன்றி. ஸ்டாண்டும் ட்ரொலி ஜாக்கும் வாங்கிறன், குறுக்குச் சட்டமும் ஜாக் தட்டும் வெல்டிங் கடைக்குக் குடுக்கிறன்.

ரெண்டு சந்தேகம். டோர்க் ரெஞ்ச் (இறுக்குற அளவைக் காட்டுற சாவி) ஒண்டு இரவல் கிடைக்கும், அரை இஞ்சி, 40 தொடக்கம் 210 நியூட்டன் மீற்றர். அது காணுமா? மற்றது, பிளேட்டை நடுவுக்குக் கொண்டு வாற பின் கிட்டோட வராட்டி என்ன செய்யிற?

சம்மாந்துறை_பாஸ்

பாதி வேலைக்குக் காணும். கிளச் கவரின்ட ஆறு போல்ட்டும் 19 நியூட்டன் மீற்றர், அது உங்கட ரெஞ்சுக்குக் கீழ போயிட்டு. 40இல வச்சுக் கிளிக் கேட்டா போல்ட் நீண்டிரும், இல்லாட்டி பிளைவீல் மறை போயிரும். கால் இஞ்சியோ 3/8 இஞ்சியோ, 5 தொடக்கம் 50 வரைக்கும் காட்டுற சின்ன ரெஞ்ச் ஒண்டு தேடுங்க. கிளச் சிலிண்டர் போல்ட் 12 நியூட்டன் மீற்றர், அதுக்கும் இதுதான். கியர்பொக்ஸ் போல்ட்டுல 17 தலை உள்ளது 64, 14 தலை உள்ளது 46. பிளைவீல் கழட்டினா 78. போல் ஜொயின்ட் 142. சில்லு நட் 103. கியர் ஒயில் பிளக் ரெண்டும் 39. இதெல்லாம் உங்கட இரவல் ரெஞ்ச் செய்யும், 39 மட்டும் சின்னதுல. ரெஞ்சுல இறாத்தல் அடிக் கணக்குத்தான் இரிக்கி எண்டா 19க்கு 14, 64க்கு 47, 142க்கு 105.

கவரை இறுக்கிறது சும்மா இல்ல. ஆறு போல்ட்டையும் கையால பிடிக்க வச்சு, எதிர் எதிரா, ஒவ்வொண்டும் அரைச் சுத்து அரைச் சுத்தாக் கொண்டு வாங்க. ஒண்டை இறுக்கி முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போனா கவர் தகடு வளையும், நடுவுல இரிக்கிற ஸ்பிரிங் விரல் ஏற்ற இறக்கமாகும், கிளச் விடக்குள்ள கார் துள்ளும். கழட்டக்குள்ளயும் அப்படித்தான், ஸ்பிரிங் அழுத்தம் ஒரே பக்கத்தால விடப்படாது. பிளைவீல் சுத்தாம நிக்க, எஞ்சின் பிளாக்குல கியர்பொக்ஸ் போல்ட் ஓட்டை ஒண்டுல போல்ட்டை விட்டு, அதுல முட்டுற மாதிரி பிளைவீல் பல்லுக்குள்ள பெரிய ஸ்க்ரூ ட்ரைவரைக் குடுத்தாக் காணும், அதுக்கெண்டு டூல் வாங்க வேணாம்.

பின்: கனக்கக் கிட்ல பிளாஸ்டிக் பின் வரும். வராட்டி தும்புத்தடிக் கைபிடி ஒண்டை எடுத்து, முனை கிராங்க் நடு ஓட்டைக்குள்ளயும் அதுக்குப் பின்னால உள்ள பகுதி பிளேட் பல்லுக்குள்ளயும் இறுக்கமா நிக்கிற மாதிரி டேப் சுத்துங்க. கவர் போல்ட்டு இறுகுற வரைக்கும் அதை அசைய விடாதீங்க. பார்வையிலயும் சரிபாக்கலாம்: கவரின்ட ஸ்பிரிங் விரல் முனை வட்டத்துக்கு நடுவுல பிளேட் ஹப் எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில தெரியோணும். பின்னை எடுத்துத் திரும்பப் போட்டா தடையில்லாம வரோணும். வராட்டி கவரைத் தளர்த்துங்க. கியர்பொக்ஸ் தூக்கி வச்சு அடிச்சுப் பொருத்திறதை விட அது லேசு.

பிளேட்டுல எந்தப் பக்கம் பிளைவீலுக்கு எண்டு அச்சு இரிக்கும். அழிஞ்சிரிந்தா, ஹப்பும் ஸ்பிரிங்கும் வெளியே தள்ளின பக்கம் கியர்பொக்ஸுக்கு. மாறிப் போட்டா ஹப் பிளைவீல் போல்ட்டுல உரசும், கிளச் விடவே விடாது, எல்லாத்தையும் திரும்ப இறக்கணும்.

பல்லுக்குக் கிரீஸ் ஒரு பூச்சு, பூசினது தெரியாத அளவுக்கு. ஷாப்ட்டுல பூசி, பிளேட்டைக் கொழுவி இழுத்து, வெளிய தள்ளி வந்ததை எல்லாம் துடைங்க. மிஞ்சினது சுத்தக்குள்ள பறந்து லைனிங்ல படும், புதுப் பிளேட்டும் வழுக்கும். பெயாரிங்கைத் தள்ளுற ஃபோர்க்கின்ட முளையிலயும் பெயாரிங் உள்வட்டத்துலயும் கொஞ்சம் தாராளமா வைக்கலாம்.

வாழைச்சேனை_டொல்பின்

பின்சக்கரம் ஓடுற டொல்பின், ஹையேஸ் வான் வச்சிருக்கிற ஆக்கள் இதை வாசிச்சா: உங்களுக்கு எஞ்சின் தாங்கல் சின்ன வேலை, ட்ரைவ் ஷாப்ட் வேலை இல்ல. அதுக்குப் பதிலா ப்ரொபெல்லர் ஷாப்ட் (கியர்பொக்ஸ்ல இருந்து பின்னால போற நீளத் தண்டு) கழட்ட வேணும். ரெண்டு ஃபிளேஞ்சிலயும் பொயின்சனால புள்ளி குத்திட்டுக் கழட்டுங்க, திரும்ப அதே நிலைக்கு வராட்டி ஓடக்குள்ள அதிரும். கிராங்க் முனையில கியர்பொக்ஸ் ஷாப்ட்டின்ட நுனியைத் தாங்குற பைலட் பெயாரிங் இருக்கும், அதையும் மாத்துங்க. வெளிய எடுக்கிற புல்லர் இல்லாட்டி, குழிக்குள்ள கிரீஸை நிரப்பி ஓட்டைக்குச் சரியாப் பொருந்துற தண்டு ஒண்டை வச்சுச் சுத்தியலால அடிச்சா கிரீஸின்ட அழுத்தத்துல பெயாரிங் வெளிய வரும்.

மற்றது, மாரிக்குள்ள வெள்ளத்துல நிண்ட வாகனம், கனநாள் ஓடாம விட்ட வாகனம் கியர் விழாட்டி உடன கியர்பொக்ஸ் இறக்காதீங்க. பிளேட் துருவால பிளைவீலோட ஒட்டியிருக்கலாம். எஞ்சினைச் சூடாக்கி நிப்பாட்டி, முன்னால வெறும் இடம் இருக்கிற மாதிரிப் பாத்து, ரெண்டாம் கியர்ல கிளச்சையும் மிதிச்சுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்க, ஓடத் தொடங்கின உடன கிளச்சை விடாம பிறேக்கை அமத்தி அமத்தி விடுங்க. விட்டிரும். விடாட்டி மட்டும் இறக்குங்க.

ஊறணி_ஃபிட்டர்

பூட்டி முடிக்கக்குள்ள பாக்க வேண்டியது ரெண்டு மூண்டு இருக்கு.

ட்ரைவ் ஷாப்ட் உள்ள போகக்குள்ள ஸ்னாப் றிங்கின்ட வாய் கீழ பாக்க வேணும். டக் எண்டு கேட்ட மறுகா கையால இழுங்க. 2, 3 மில்லிமீற்றர் ஆடும், ஆனா வெளிய வரக் கூடாது. வந்தா றிங் பூட்டல்ல, ஓடக்குள்ள ஷாப்ட் கழண்டு ஒயில் முழுசும் ரோட்டில கிடக்கும். புதுச் சீலை அடிக்க அதின்ட விட்டத்துக்கு ஒரு பீவிசி குழாய்த் துண்டு வெட்டி எடுங்க, உதட்டுல கிரீஸ் வையுங்க.

நடு மெம்பரையும் மவுண்டிங்கையும் இறுக்குறது கடைசியா. எல்லா போல்ட்டையும் தளர்வாப் போட்டு, எஞ்சினை ரெண்டு தரம் உலுப்பி, தன்னால உக்காந்த பிறகு இறுக்குங்க. முதலே இறுக்கினா றப்பர் முறுகின நிலையில நிண்டு ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்கும்.

கியர் ஒயிலை கார் மட்டமா நிக்கக்குள்ள ஊத்துங்க, மூக்குத் தூக்கி நிக்கக்குள்ள மட்டம் பிழையாக் காட்டும். ஊத்துற ஓட்டையின்ட கீழ் விளிம்பால வழிஞ்சா சரி. மேலால ஊத்த இடம் இல்ல, நீட்டு ஹோஸும் புனலும் வேணும். ஹோஸை பொனட் பக்கத்தால விட்டு மெதுவா விடுங்க.

ஸ்டாண்டில நிக்கக்குள்ளயே எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேணாம். சில்லு ரெண்டையும் பூட்டி இறக்கி, எஞ்சின் நிக்கக்குள்ள எல்லாக் கியரும் விழுதா எண்டு பாருங்க. பிறகு ஸ்டார்ட் பண்ணி, கிளச்சை மிதிச்சு மூண்டு செக்கன் பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. கறகற எண்டா கிளச் முழுசா விடல்ல. குழாய் திறந்திருந்தா காத்து எடுங்க. பெடல் ப்ளே 5 தொடக்கம் 15 மில்லிமீற்றர். புதுப் பிளேட்டோட பெடல் பிடிக்கிற இடம் மாறும், பழைய இடத்துக்குக் கொண்டு வர எண்டு தண்டைத் திருப்பாதீங்க. ப்ளே இல்லாமப் போனா பெயாரிங் எப்பவும் ஸ்பிரிங் விரலை அமத்திக்கொண்டு ஓடி, பிளேட்டையும் அரைகுறையா விட்டுத் திரும்ப வழுக்க வைக்கும்.